தஞ்சை மாநாட்டுக்குச் செல்வோர்க்கு

அறிஞர் மாநாடு ஒன்றுக்காகத் தஞ்சைக்குப் புறப்படும் அன்பர், தாம் படிக்கவிருக்கும் கட்டுரையைப் பத்துமுறை திருத்துவர். பயணத்தைப் பற்றியும் தங்குமிடத்தைப் பற்றியும் ஒருமுறைகூட எண்ணிப் பாரார். ஊரின் இயல்பறியாது சென்றால் மாநாட்டின் பயனிற் பாதி கைநழுவிப் போகும். ஆகவே, அவர்கட்கு உதவக்கூடிய சில செய்திகளை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, பருவம். எட்டாம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சையில் 1995 ஜனவரியில் நடைபெற்றது. மார்கழியும் தையும் இவ்வூருக்கு ஏற்ற மாதங்கள். வெயில் தணிந்திருக்கும், சம்பாப் பயிர் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையோ வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் வந்தால் ரயில் தாமதப்படும். ஒருநாள் முன்னதாகவே வந்து சேர்வது நலம். பொங்கலை ஒட்டி மாநாடு அமைந்தால், திரும்பும் பயணச்சீட்டை முன்னரே பெற்றுவிட வேண்டும்.

இரண்டாவது, வழி. விமானத்தில் வருவோர் திருச்சிராப்பள்ளியில் இறங்கி, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சாலைவழியே வரவேண்டும். 1981-இல் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகம் நகரின் நடுவே இல்லை. திருச்சிச் சாலையில், ஊர்ப்புறத்தே உள்ளது. விடுதிகளோ ரயில் நிலையத்தை அடுத்தே மிகுதி. ஆதலின், அரங்கிற்குச் செல்ல வண்டி ஏற்பாடு உண்டா என்று மாநாட்டுச் செயலாளரைக் கேட்டறிக.

மூன்றாவது, காணத்தக்கவை. பெரிய கோயிலை விடியற்காலையிலோ மாலையிலோ காண்க. நண்பகலில் நடை சாத்தப்பெறும். கருங்கல் தளமும் வெறுங்காலைச் சுடும். அரண்மனையிலுள்ள சரசுவதி மகால் நூலகம் 1918 முதல் பொது நூலகமாக விளங்குகின்றது. ஆங்குள்ள ஓலைச்சுவடிகளை ஆராய விழைவோர், வேண்டும் சுவடியின் பெயரைக் குறித்து முன்கூட்டியே எழுதி இசைவு பெறுதல் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருவோர் சுற்றுலா அனுமதியை நம்பிப் புறப்படலாகாது. மாநாட்டிற்கென உரிய விசாவைப் பெற்றே வருதல் வேண்டும். 1995-இல் இலங்கையிலிருந்து வந்த தமிழறிஞர் சிலர், மாநாட்டில் கலந்துகொள்ள இயலாது திருப்பியனுப்பப்பட்டனர். வந்தவர் பேசாமலே மீள்வது, வந்தவர்க்கு மட்டுமன்று, அழைத்தவர்க்கும் இழப்பேயாகும்.

இவ்விடத்து ஒரு கல்வெட்டு நினைவிற்கு வருகின்றது. 1010-இல் நிறைவெய்திய பெரிய கோயிலுக்கு, சோழநாட்டின் பல ஊர்களிலிருந்து 400 ஆடல் மகளிரை இராசராசன் கொணர்ந்து குடியேற்றினான். ஒவ்வொருவர் பெயரும், அவர் வந்த ஊரும், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒருவர்க்குரிய பங்கு என்பதும் அதில் உண்டு.

வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைப்போர் அவருக்கு உறைவிடமும் உணவும் இன்னவை என்று எழுத்திலேயே அறிவித்தல் இம்மண்ணின் பழைய வழக்கம். மாநாடு கூட்டுவோரும் அவ்வாறே அறிவிப்பாராக. செல்வோரும் தயங்காது கேட்பாராக.