காகிதத்தில் நின்ற பூங்காவும் கைவிட்டுப் போன பூங்காவும்

படத்தில் இழுக்கப்படும் ஒரு கோடு எவ்வளவு வல்லமையுடையது என்பதைத் திருத்தணி வட்டாரத்து மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1953இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபொழுது திருத்தணி கோட்டுக்கு அப்பால் போயிற்று. ஜனங்கள் வாளாவிருந்தார்களில்லை, கிளர்ந்தெழுந்தார்கள். பட்டாஸ்கர் தீர்ப்பின் பயனாக 1960 ஏப்ரல் 1ஆம் தேதி அவ்வூர் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. எல்லைக் கோட்டின்மீது வைத்த அந்த விழிப்பை ஊரின் பொது நிலங்களைக் குறிக்கும் கோடுகளின்மீதும் வைத்திருக்கிறோமா என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துச் சரித்திர சங்கத்தில் ஒரு பழைய படம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அந்நகரின் நடுவே ஒரு பெரும் பூங்கா அமைக்க 1857இல் போட்டி அறிவிக்கப்பட்டது. வந்த திட்டங்கள் 33. அவற்றுள் ஜான் ரிங்க் என்பவர் 1858 மார்ச்சில் அளித்தது இப்படம். வட்டங்களும், சுருள்களும், நட்சத்திர வடிவங்களுமாக, பெரியதொரு கோலம் போட்டாற்போல் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். பரிசு அவருக்குக் கிட்டவில்லை. இயற்கைக் காடும் புல்வெளியும் போல் அமைக்கச் சொன்ன ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவரின் திட்டமே வென்றது. ரிங்க் கண்ட பூங்கா காகிதத்திலேயே நின்றுவிட்டது.

அதனால் அந்நகருக்கு நஷ்டம் உண்டா? இல்லை. திட்டம் மாறிற்றேயன்றி நிலம் மாறவில்லை. பூங்காவினுள் கட்டடங்கள் சில எழுந்தபோதிலும், 843 ஏக்கர் இன்றும் பொதுஜனங்களுக்கே உரியதாக நிற்கிறது. தனவந்தர்கள் குதிரை வண்டி ஓட்டுவதற்கென அதனுள் ஒரு சாலை போட 1892இல் சட்டமே செய்தார்கள். ஜனங்கள் எதிர்த்தார்கள்; சில வாரங்களில் அச்சட்டம் ரத்தாயிற்று. ஆயினும் அந்தப் பூங்காவுக்கும் ஒரு கறை உண்டு. அங்கே சொந்த நிலம் வாங்கிக் குடியிருந்த நீக்ரோவரின் செனிகா கிராமம் 1857இல் அடியோடு அப்புறப்படுத்தப்பட்டது. ஏழையின் குடிசையைப் பெயர்த்துப் பூந்தோட்டம் போடுவதைப் பொது நன்மை என்று நாம் ஒருபொழுதும் ஒப்ப மாட்டோம்.

இனி நம் சென்னையைப் பாருங்கள். இங்கே திட்டம் காகிதத்தில் நிற்கவில்லை, பூங்காவே எழுந்தது. 1859இல் கவர்னர் டிரெவெலியன் காலத்தில் 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்', அதாவது ஜனங்களின் பூங்கா, குளங்களோடும் மிருகக்காட்சி சாலையோடும் அமைந்தது. பின்னர் நிகழ்ந்தது யாது? விக்டோரியா மண்டபத்துக்கு ஒரு துண்டு. 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டுக்கு ஒரு துண்டு. 1913இல் திறந்த ரிப்பன் கட்டடத்துக்கு ஒரு துண்டு. விளையாட்டரங்குக்கு ஒரு துண்டு. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையான பிறகேனும் அவ்விடம் பூங்காவாகத் திரும்பியதா? அங்கே ரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. எடுத்த ஒவ்வொருவரும் பொதுக் காரியத்துக்கே எடுத்தார்கள். தனித்தனியே பார்த்தால் ஒன்றையும் குற்றம் கூற இயலாது. கூட்டிப் பார்த்தாலோ, ஜனங்களின் பூங்காவில் ஜனங்களுக்கு எஞ்சியது சொற்பமே! கறையான் அரிப்பதும் இவ்வாறுதானே?

சென்னைப் பட்டணத்துக்குத்தானே இந்தக் கவலை, நமக்கென்ன என்று கனகம்மாசத்திரத்து வாசகர்கள் இருந்துவிடலாகாது. சத்திரம் என்னும் சொல்லையே பெயரில் தாங்கிய ஊர் அது. வழிப்போக்கன் எவனுக்கும் நிழலும் நீரும் தருவதல்லவா சத்திரத்தின் தருமம்? சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் பெருஞ்சாலை ஊரை ஒட்டி ஓடுகிறது. சாலை அகல அகல நிலத்தின் விலை ஏறும். விலை ஏற ஏற, ஏரிக்கரை, மந்தைவெளி, தோப்புப் புறம்போக்கு இவற்றின்மீது பலர் கண் விழும்.

ஆகவே நாம் கூறுவது இதுவே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே மாலைக்கும் மரியாதைக்கும் காத்திராமல், கிராம வரைபடத்தையும் நிலப் பதிவேட்டையும் மேஜைமீது விரித்து வைக்கச் சொல்லுங்கள். பொது நிலம் எது, அதன் பரப்பு எவ்வளவு, இன்று எஞ்சியது எவ்வளவு என்று கேளுங்கள். கேட்டதையும் கிடைத்த விடையையும் தீர்மானமாக எழுதி வையுங்கள். அழகான பூங்கா பின்னால் வரலாம். நிலம் போனபின் எந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன பயன்?