கோப்பை அச்சிடும் கிளாஸும் சித்தப்பாவின் கூலிக் கணக்கும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் சித்தப்பா போன வாரம் ஒரு பழைய சிடியைக் கொடுத்தார். 2001இல் கம்ப்யூட்டரில் ஏற்றிய பாவு, ஜரிகை, கூலிக் கணக்கு. "நான் யாருக்கு எவ்வளவு பாக்கின்னு மட்டும் பார்த்துச் சொல்லுப்பா" என்றார்.

கோப்பைத் திறந்து வரிவரியாகக் காட்ட, பைதானில் எப்போதோ எழுதிய கிளாஸ் ஒன்று என்னிடம் உண்டு. ஓட்டினேன். யூடிஎஃப்-8 ஆகப் படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. லத்தீன்-1 என்று மாற்றினேன். பிழை போச்சு, ஆனா எண்கள் மட்டும்தான் சரியாக வந்தன. பெயர்கள் எல்லாம் கிறுக்கல். தொகை தெரியுது, ஆள் தெரியல.

காரணம் இதுதான். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு 8-பிட் குறியேற்றங்களை ஏற்றது. அதற்கு முன்பே இணையத்தில் திஸ்கி இருந்தது. டாப், திஸ்கி இரண்டிலும் முதல் 128 இடங்கள் ஆஸ்கிக்கு, மேலே உள்ளவை தமிழுக்கு. அதனால்தான் எண்கள் தப்பின.

இன்னொரு சிக்கல்: அவற்றில் எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். 'கொ' என்றால் கொம்பு, க, கால். யூனிகோடில் க முதலில் வரும். பைட்டுக்கு பைட் அட்டவணை போட்டால் போதாது, இடமும் மாற்றணும்.

இதையெல்லாம் அச்சிடும் மெத்தடுக்குள் திணிக்கத்தான் முதலில் பார்த்தேன். நிரல் சிக்கலான நூல்கண்டு ஆனது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா. அதே மாதிரி மூன்றாகப் பிரித்தேன்:

1. வாசிப்பான்: கோப்பை பைட்டுகளாக, வரிவரியாகத் தரும். நிலையான அளவில் வெட்டினால் 'கொ' நடுவில் உடையலாம். வரி முடிவுக் குறி ஆஸ்கிக்குள் இருப்பதால் அங்கே வெட்டுவது பாதுகாப்பு.

2. மாற்றி: 'மாற்று' என்ற ஒரே மெத்தட் உள்ள அடிப்படை கிளாஸ். டாப், திஸ்கி, யூனிகோடு மூன்றும் அதன் வாரிசுகள். உள்ளே ஓபன்-தமிழ் நூலகத்தின் மாற்றிகளையே பயன்படுத்தினேன்.

3. அச்சிடுவான்: யூனிகோடு வரியை வாங்கி அச்சிடும். கோப்பு எந்தக் குறியேற்றத்தில் இருந்தது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

எந்த மாற்றி என்பதை ஆப்ஜெக்ட் உருவாக்கும்போதே கொடுத்துவிடுவேன். அழைப்பு ஒன்று, வேலை வேறுவேறு. பாலிமார்ஃபிசம்னு பாடப்புத்தகத்தில் படித்தோமே, அது இவ்வளவுதான்.

திஸ்கி மாற்றியைக் கொடுத்தேன், அப்பவும் கிறுக்கல். டாப் கொடுத்ததும் பெயர்கள் வந்தன; மற்ற இரண்டு கிளாஸிலும் ஒரு வரிகூட மாற்றவில்லை. சித்தப்பா ஒரு பெயரில் விரல் வைத்தார். "இவர் இப்ப இல்லப்பா. பையன் இருக்கான். அவன் கையில கொடுத்துடுறேன்."