நடராஜா ரவிராஜ் கொலை வழக்கு

இலங்கையின் யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான நடராஜா ரவிராஜ், 2006 நவம்பர் 10 காலை கொழும்பு நாரகேன்பிட்டியில் வீட்டிலிருந்து காரில் புறப்பட்டபோது சுட்டுக் கொல்லப்பட்டார். மெய்க்காவலர் லக்சுமன் லொக்குவெல்லவும் உயிரிழந்தார். வாகரையில் நடந்த எறிகணைத் தாக்குதலைக் கண்டித்து, ஐ.நா. அலுவலகத்தின் முன் நடந்த போராட்டத்தில் முந்தைய நாள்தான் ரவிராஜ் கலந்துகொண்டிருந்தார்.

கடற்படைப் புலனாய்வாளர்கள் உள்ளிட்டோர் மீதான வழக்கு கொழும்பு உயர் நீதிமன்றத்தில் நடந்தது. சிங்களம் பேசும் ஜூரி சபை விசாரிப்பதற்கு ரவிராஜின் குடும்பத்தார் ஆட்சேபம் தெரிவித்தனர், அது ஏற்கப்படவில்லை. 2016 டிசம்பரில், நள்ளிரவு கடந்து வந்த தீர்ப்பில் ஐவரும் விடுதலை செய்யப்பட்டனர். மனைவி சசிகலா மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானதால், கொன்றவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடவில்லை. குடும்பம் கேட்டது அந்த விடையைத்தான்.