வெள்ளெழுத்தும் திரவ வில்லையும்

நாற்பது வயதைக் கடந்தோர் நூலைக் கைநீட்டித் தொலைவிற் பிடித்து வாசிப்பதை நாம் காண்கின்றோம். வெள்ளெழுத்து எனப்படும் இக்குறை நோயன்று, மூப்பின் இயல்பேயாம். இளமையிற் கண்வில்லை நெகிழ்வுடையது. அண்மைப் பொருளை நோக்குங்கால் தடித்தும், சேய்மைப் பொருளை நோக்குங்கால் மெலிந்தும் அது தன் குவியத்தைத் திருத்திக் கொள்ளும். வயதேற அந்நெகிழ்வு குன்றுகின்றது. மூக்குக்கண்ணாடி உதவுமெனினும் அதன் வளைவு மாறாதது. வாசிப்புக்குரிய கண்ணாடி வீதியை நோக்க உதவாது. ஆகவே, இழந்த நெகிழ்வைச் செயற்கை வில்லைக்கு ஊட்டல் கூடுமோ என்பதே வினா.

விடை திரவத்தில் உண்டு. ஒருபுறம் தட்டைக் கண்ணாடியும் மறுபுறம் மென்சவ்வும் உடைய சிமிழொன்றிற் கிளிசரின் நிரம்பியுள்ளதெனக் கொள்வோம். அமுக்கம் கூடின் சவ்வு புடைத்துக் குவிவில்லையாகும். கிளிசரினின் முறிவுக் குணகம் 1.47 ஆதலின், சவ்வின் வளைவாரை 47 சதமமீற்றராயின் குவியத் தூரம் 100 சதமமீற்றராகும்; வளைவாரை பாதியாயின் குவியத் தூரமும் பாதியாகும். வில்லையின் விட்டம் 3 சதமமீற்றராயின், இம்மாற்றத்துக்கு அதன் நடுப்பகுதி ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் மேலெழுந்தாற் போதும்.

அச்சிறு அசைவைத் தருவது யாது? ஒக்ஸ்போட்டுப் பல்கலைக்கழகப் பௌதிக அறிஞர் யோசுவா சில்வர், 1985இல் தொடங்கிய முயற்சியின் பயனாக ஒரு மூக்குக்கண்ணாடியை அமைத்தார். அதனை அணிபவரே சிறு பீச்சாங்குழலாற் சிலிக்கோன் எண்ணெயைச் செலுத்திப் பார்வையைத் திருத்துவர். கண் வைத்தியர் அரிதாயுள்ள நாடுகளுக்கு அஃது ஏற்ற உபாயம். ஆயினும் ஒருமுறை திருத்திய பின் குவியம் நிலைத்துவிடும்.

நோக்குந்தோறும் குவியம் மாறுதற்குத் தசை போன்ற பொருள் வேண்டும். மின்னாலோ வெப்பத்தாலோ வடிவு மாறும் திறன்மிகு பொருள்கள் ஈண்டுப் பயன்படுகின்றன. நிக்கலும் தைத்தேனியமும் கலந்த கம்பி சூடேறியதும் சுருங்கி வலுவாய் இழுக்கும். ஆனால் ஆறுதற்கு நேரம் பிடிக்கும். மின்னூட்டிய மெல்லிய இறப்பர்த் தாள் பெரிதும் விரியும்; ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான வோற்று வேண்டப்படும். சில பளிங்குகளை அமுக்கின் மின் பிறத்தலைக் கியூரி சகோதரர் 1880இற் கண்டனர். மின்னூட்டின் அவை வடிவு மாறுதல் அதன் மறுதலையாம். இவை விரைந்து இயங்கும், மின்செலவும் குறைவு. ஆனால் நீட்சியோ ஆயிரத்தில் ஒரு பங்களவே.

இக்குறைக்கும் பரிகாரம் உண்டு. பளிங்குத் தகட்டை வேறொரு தகட்டுடன் ஒட்டின், ஒன்று நீள மற்றது நீளாமையாற் கீற்று வளையும். அதன் நுனி பன்மடங்கு அசையும். அமெரிக்காவின் யூட்டாப் பல்கலைக்கழகத்திற் கார்லொஸ் மஸ்திராஞ்செலோ குழுவினர் 2017இல் வெளியிட்ட மூக்குக்கண்ணாடியில், இத்தகைய கீற்றுக்கள் கிளிசரின் வில்லையின் பின்சவ்வை அசைத்தன. சட்டத்திற் பொருத்திய கருவி பொருளின் தூரத்தை அளக்க, அதற்கேற்ப வில்லை திருந்தியது.

எனினும் இடர் முற்றும் நீங்கியதன்று. நிமிர்ந்து நிற்கும் வில்லையிலே திரவம் தன் பாரத்தாற் சவ்வின் அடிப்பாகத்தை மிகுதியாய்ப் புடைக்கச் செய்யும். அதனால் விம்பம் திரியும். சவ்வை முன்னரே இறுக்கின் இக்குறை தணியும். ஆனால் இறுகிய சவ்வை அசைக்க மேலும் வலிய விசை வேண்டும். விசை, அசைவு, விரைவு, மின்செலவு ஆகிய நான்கையும் ஒருங்கே சீர்தூக்குதலே இவ்வமைப்பின் சாரம் என்பதை விஞ்ஞான மாணவர் மனங்கொள்வாராக.