பதினோரு நிமிடப் புத்தகமும் பார்க்கும் கேமராவும்

பேகம்பேட் பிரதான சாலையில் இருக்கிறது ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல். 1923-இல், நிஜாம் ஆட்சியில், ஜாகிர்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளி. அங்கே படித்துக் கிரிக்கெட் ஆடிய சத்யா நாதெல்லா 2014-இல் மைக்ரோசாஃப்ட்டின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அந்த நிறுவனம் ‘மைக்ரோசாஃப்ட் பேண்ட்’ என்ற கைப்பட்டையை விற்பனைக்கு விட்டது. நாடித்துடிப்பை எண்ணுவதோடு, இன்று எந்தப் பயிற்சி, எத்தனை முறை, நடுவில் எவ்வளவு ஓய்வு என்று மணிக்கட்டிலேயே அது காட்டும். 2016-இல் விற்பனை நின்றது. 2019 மே 31-ஆம் தேதி அதன் இணையச் சேவையையும் மூடினார்கள். முன்கூட்டியே பிரதி எடுத்து வைக்காதவர்களின் பயிற்சிக் கணக்கெல்லாம் அன்றோடு போயிற்று.

1950-களின் பிற்பகுதியில் கனடா விமானப்படை ஒரு சிறு புத்தகம் அச்சிட்டது. பெயர் ‘ஃபைவ் பிஎக்ஸ்’. ஐந்து அடிப்படைப் பயிற்சிகள் என்பதன் சுருக்கம். அதை வைத்துக்கொண்டு இன்றும் காலையில் பயிற்சி செய்கிறவர்கள் உலகெங்கும் உண்டு. மின்னேற்றம் வேண்டாம், சந்தா வேண்டாம், யாரும் மூடிவிடவும் முடியாது. வீட்டுப் பயிற்சிக்கு அச்சு வழிகாட்டி நல்லதா, திரை வழிகாட்டி நல்லதா என்ற கேள்விக்கு இந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

கனடாவின் விமானத் தளங்கள் பல, ஆளரவமற்ற வடபகுதியில் இருந்தன. உடற்பயிற்சிக் கூடம் கிடையாது, வெளியே பனி. விமானிகளில் பலர் உடல் தகுதி இழந்திருந்தார்கள். பில் ஆர்பன் என்ற உடற்பயிற்சி ஆய்வாளரிடம் பொறுப்பு வந்தது. எவ்வளவு நேரம் செய்கிறோம் என்பதைவிட எவ்வளவு தீவிரமாகச் செய்கிறோம் என்பதே உடல்திறனைக் கூட்டுகிறது என்பது அவருடைய முடிவு. அந்த முடிவையே அவர் புத்தகமாக்கினார்.

மொத்தம் 11 நிமிடம். குனிந்து தரையைத் தொட்டு நிமிர்வதற்கு 2 நிமிடம். மல்லாந்து படுத்து எழுவதற்கு 1. குப்புறப் படுத்துத் தலையையும் கால்களையும் தூக்குவதற்கு 1. தண்டால் 1. நின்ற இடத்திலேயே ஓடுவதற்கு 6. இந்த நேரப் பங்கீடு கடைசிவரை மாறாது. எண்ணிக்கையும் பயிற்சியின் கடினமும் மட்டும் ஏறும்.

முதல் அட்டவணையின் அடிப்படியைப் பாருங்கள். குனிந்து நிமிர்வது 2 முறை. எழுவது 3; அதுவும் முழுதாக எழ வேண்டாம், உங்கள் குதிகால் உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தலையைத் தூக்கினால் போதும். குப்புறப் படுத்துத் தூக்குவது 4. முழங்கால் ஊன்றிய தண்டால் 2. ஓட்டம் 100 அடி, அதிலும் இடது கால் தரையைத் தொடுவதை மட்டும் எண்ண வேண்டும். இவ்வளவுதானா என்று சிரிப்பு வரும். அதே அட்டவணையின் மேற்படியில் இவை 20, 18, 22, 13, 400 என்று நிற்கும். அப்போதும் 11 நிமிடம்தான்.

இப்படி ஆறு அட்டவணைகள், ஒவ்வொன்றிலும் 12 படிகள். எந்தப் படியில் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை வயது தீர்மானிக்கிறது. இருபதுகளில் இருப்பவருக்குக் குறைந்தது 2 நாள், முப்பதுகளில் 4, நாற்பதுகளில் 7, ஐம்பதுகளில் 8, அறுபதைத் தாண்டினால் 10. அதாவது ஐம்பத்தைந்து வயதுக்காரர் முதல் அட்டவணையைக் கடக்கவே 96 நாளாகும். எவ்வளவு தெம்பிருந்தாலும் அடிப்படியில்தான் தொடங்க வேண்டும், நடுவில் எதையும் தாண்டக் கூடாது என்றும் புத்தகம் கண்டிப்பாகச் சொல்கிறது. பெண்களுக்கு ‘எக்ஸ்பிஎக்ஸ்’ என்று தனித்திட்டம் வந்தது: பத்துப் பயிற்சி, 12 நிமிடம். 1960-களில் பெங்குவின் பதிப்பகம் இரண்டையும் ஒரே நூலாக்கி வெளியிட்டது.

இந்தப் புத்தகத்தில் இருக்கும் படங்கள் சுமாரான கோட்டோவியங்கள். அதன் சரக்கு அட்டவணையில் இருக்கிறது. மின்கம்பியோ திருகோ இல்லாமல் தாளில் செய்த இயந்திரம் என்றே அதைச் சொல்லலாம்: வயதையும் நேற்றைய படியையும் உள்ளே கொடுத்தால் இன்றைய அளவு வெளியே வரும். பேகம்பேட் விமானப்படை நிலையத்தின் மதிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம், விமானிகளுக்காக எழுதிய இந்தப் புத்தகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

எந்த வழிகாட்டிக்கும் வேலைகள் மூன்று. அசைவு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவது. இன்றைக்கு எவ்வளவு என்று அளந்து கொடுப்பது. நீங்கள் செய்வது சரியா என்று பார்ப்பது. வாத்தியார் இருந்தால் மூன்றையும் அவரே செய்வார். சார்மினார் பக்கத்து மல்யுத்தக் கூடங்களில் உஸ்தாத் நின்றுகொண்டு செய்வதும், நம் ஊர்ச் சிலம்பக் களத்தில் ஆசான் செய்வதும் அதுதான். வீட்டில் தனியாகச் செய்கிறவருக்கு இந்த மூன்றையும் தாளும் திரையும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பார்த்தால் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

அளந்து கொடுப்பதில் தாள் கெட்டி என்பதைப் பார்த்தோம். காட்டுவதில்தான் அதற்குச் சிரமம். தொடக்க நிலை ஒரு படம், முடிவு நிலை ஒரு படம், நடுவில் புள்ளிக்கோட்டு அம்பு. இடைப்பட்ட வேகம், மூச்சு, எந்தத் தசை முதலில் இறுக வேண்டும் என்பதெல்லாம் அந்த அம்புக்குள் மறைந்துபோகும். ஔந்து சமஸ்தானத்து ராஜா பவான்ராவ் பந்த் பிரதிநிதி இதற்கு நல்ல வழி கண்டார். சூரிய நமஸ்காரத்தைப் பத்து நிலைகளாகப் பிரித்து எண் போட்டார்; தன் சமஸ்தானத்துப் பள்ளிகளில் கட்டாயமாக்கினார். 1938-இல் லண்டனில் அவருடைய ஆங்கில நூல் வந்தபோது அதன் தலைப்பிலேயே அந்தப் பத்து இடம்பிடித்தது. சுழன்றுகொண்டே போகும் அசைவைத் தாளில் பிடிக்க அதைவிடச் சுருக்கமான உபாயம் இல்லை.

சரிபார்ப்பதற்கும் தாள்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்: தபால். 1904-05-இல் இந்தியாவைச் சுற்றி வந்த யூஜின் சாண்டோ, புத்தகம், பத்திரிகை, கருவிகள் எல்லாவற்றோடும் தபால் பாடமும் விற்றவர். பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய கே.வி. ஐயரும் தபால்வழிப் பாடம் நடத்தினார். (‘சாந்தலா’ என்ற கன்னட வரலாற்று நாவலை எழுதியவரும் இவரே, தண்டால் எடுத்த கை பேனாவும் பிடித்தது.) மாணவரின் கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் தவறான பழக்கம் வேரூன்றிவிடும் என்பதுதான் தபாலின் குறை.

தாளுக்கும் திரைக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு, பலரும் மறந்துவிடுவது: குரல். ஜப்பானில் 1928-இல் வானொலி உடற்பயிற்சி தொடங்கியது. தொடங்கியது தபால் துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு. இப்போது ஒலிபரப்பாகும் வடிவம் 1951-இல் வந்தது; பியானோ இசைக்கு ஏற்ப எண்ணிச் சொல்லும் குரல், மூன்று நிமிடம் போல. அசைவுகளை ஒரு தடவை கற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இது சிறிய அனுகூலமில்லை. கைகளை ஊன்றி உடலைப் பலகை போல நீட்டி நிற்கும்போது கைபேசியைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் கழுத்து பின்னால் மடங்கும். அந்தப் பயிற்சிக்குக் கழுத்து முதுகின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். திரையைப் பார்த்துச் செய்வதே தவறாகச் செய்வதாகிவிடும் பயிற்சிகள் இப்படிப் பல.

1982-இல் ஜேன் ஃபோண்டாவின் காணொளி நாடா வந்ததிலிருந்து வீட்டுக் கூடத்துக்குள் அசையும் படம் புகுந்துவிட்டது. காட்டுகிற வேலையில் காணொளிக்கு இணை கிடையாது. தோப்புக்கரணத்தில் இடுப்பு முதலில் பின்னால் போகிறதா, முழங்கால் முதலில் முன்னால் வருகிறதா என்பதை அரை நிமிடத்தில் புரியவைத்துவிடும். ஆனால் அளவு போய்விடும். திரையில் இருப்பவர் 20 எடுக்கிறார் என்பதால் நீங்களும் 20 எடுப்பீர்கள், உங்கள் படி 6-ஆக இருந்தாலும். நாளைக்கு வேறு காணொளி, வேறு ஆள், வேறு எண்ணிக்கை. ஒரு மாதம் வியர்வை சிந்தியும் முன்னேறினோமா என்று சொல்லத் தெரியாத நிலை இப்படித்தான் வருகிறது.

மூன்றாவது வேலையான சரிபார்ப்புக்குத்தான் கேமரா வந்தது. மைக்ரோசாஃப்ட் 2010-இல் வெளியிட்ட ‘கினெக்ட்’, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுதும் தெளித்து, அவை எங்கே எப்படி விழுகின்றன என்பதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டது. அதிலிருந்து உடலின் 20 மூட்டுகளை ஊகித்தது. முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸ் சாதனை செய்தது. உடற்பயிற்சி விளையாட்டுகள் பல அதற்கென்றே வந்தன. அதன் சிக்கல் இடம். ஒருவர் விளையாட ஆறடி தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள். பேகம்பேட் அடுக்ககங்களில் கட்டில், பீரோ, துணி காயப்போடும் ஸ்டாண்டு எல்லாம் போக மிச்சமிருக்கும் தரையில் ஆறடி எங்கே கிடைக்கும்? 2017-இல் அதன் தயாரிப்பும் நின்றது.

இன்று அந்த வேலையைக் கைபேசியின் சாதாரண கேமராவே செய்கிறது. மனிதர்கள் மூட்டு மூட்டாகப் புள்ளி வைத்துக் கொடுத்த ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், உங்கள் படத்திலும் அதே புள்ளிகளைத் தேடிப் பிடிக்கும். கூகுள் 2020-இல் வெளியிட்ட ‘பிளேஸ்போஸ்’ 33 புள்ளிகளைப் பிடிக்கிறது. பிறகு நடப்பது பள்ளிக்கூட வடிவக்கணிதம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் முழங்காலில் ஒரு கோணம் கிடைக்கும். நேராக நின்றால் அது 180 பாகைக்கு அருகில். நன்றாக உட்கார்ந்தால் 90-க்கு அருகில். கோணம் இறங்கி மறுபடி ஏறினால் ‘ஒன்று’ என்று எண்ணிக்கொள்ளும்.

அழகான வேலைதான். ஆனால் அந்த 33 புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். முகத்துக்கு மட்டும் 11. முதுகெலும்புக்கு ஒன்றுகூட இல்லை. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே மென்பொருளுக்குத் தெரிவது வெறும் நேர்கோடு. கனத்தைத் தூக்கும்போது முதுகு வளைவதுதான் ஆபத்தான தவறு. வாத்தியார் முதலில் தட்டிக் கேட்பதும் அதைத்தான். கேமரா அதைப் பார்க்காமலேயே ‘சபாஷ்’ என்று சொல்லிவிடும். பழைய கினெக்ட்டிலாவது முதுகுக்கென்று ஒரு புள்ளி இருந்தது.

கேமராவைப் பக்கவாட்டில் வைத்தால் எவ்வளவு கீழே இறங்கினீர்கள் என்று தெரியும், முழங்கால்கள் உட்பக்கம் சரிவது தெரியாது. எதிரில் வைத்தால் அப்படியே மாறிவிடும். லுங்கி, நைட்டி, துப்பட்டா எதுவானாலும் மூட்டு எங்கே என்று மென்பொருள் ஊகிக்கத்தான் வேண்டும். கைக்கடிகாரத்தின் நிலைமை இன்னும் வேடிக்கை. அது கை அசைவை வைத்து எண்ணுகிறது. தண்டாலில் உடல் முழுக்க ஏறி இறங்கினாலும் மணிக்கட்டு தரையோடு தரையாக இருக்கிறது. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து நாடியை எண்ணுவதிலும், மணிக்கட்டு மடங்கித் தோல் இறுகினால் கணக்கு தடுமாறும்.

தாளுக்கும் தீராத குறை ஒன்று உண்டு. தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியாது. ஃபைவ் பிஎக்ஸ் புத்தகத்தில் கால்களை நீட்டி வைத்தபடியே எழுந்து உட்காரச் சொல்கிறார்கள். அது கீழ்முதுகுக்கு வீண் சுமை என்பது பின்னாளில் வந்த தெளிவு. இணையத்தில் உலவும் அதன் பிரதியில் அந்தப் படம் இன்னும் அப்படியே இருக்கிறது. செயலியாக இருந்தால் ஒரே இரவில் மாற்றியிருப்பார்கள். ஆகவே பழைய அட்டவணையை எடுத்துக்கொள்கிறவர்கள் முழங்காலை மடக்கி வைத்துச் செய்யுங்கள். முதுகு வலி ஏற்கெனவே இருந்தால் தாளும் வேண்டாம், திரையும் வேண்டாம், பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள்.

மற்றவர்களுக்கு என் யோசனை இது. புதிய அசைவு ஒன்றைக் கற்கும்போது காணொளி பாருங்கள். உங்களையே பக்கவாட்டில் ஒரு தடவை படம் பிடித்து முதுகு வளைகிறதா என்று நீங்களே பாருங்கள், மென்பொருளின் ‘சபாஷ்’ வேண்டாம். கற்றுக்கொண்ட பிறகு கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு அட்டவணைக்கு மாறுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கும் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பேகம்பேட்காரர்களுக்கு அச்செடுப்பது ஒரு பிரச்சினையே இல்லை. பக்கத்து அமீர்பேட்டையில் கணினிப் பாடங்களை நகலெடுத்தே பிழைக்கும் ஜெராக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பெரிய எழுத்தில் ஒரு தாள் எடுத்து பீரோக் கதவின் உட்புறம் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

காசு கொடுத்துச் செயலி வாங்குவதாக இருந்தால், முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: பயிற்சி அட்டவணையையும் உங்கள் கணக்கையும் தாளில் எடுத்துக்கொள்ள அது விடுகிறதா? விடாது என்றால் வாங்காதீர்கள்.