வாசல் மரத்துக்கு ஒரு மீட்டர் மண்

மன அமைதி தேடி ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் மலையில் கழிக்கும் இரண்டு நாளைவிட, வருஷம் முழுக்க ஜன்னலில் தெரியும் வேப்பமரம்தான் மனசுக்கு அதிகம் செய்கிறது என்பது என் கட்சி.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்பே வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-ல் வெளியான ஆய்வு இது. யாரும் அவர்களைக் காட்டுக்கு அழைத்துப் போகவில்லை.

2019-ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் பதில்களை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது இயற்கையோடு இருப்பவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம். அதை ஒரே நாளில் கழித்தாலும் தினம் கொஞ்சமாகக் கழித்தாலும் பலன் ஒன்றுதான்.

தீவிர மனச்சோர்வுக்கு மரம் மருந்தாகாது, டாக்டரைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சரிதான்.

என்னை அரிக்கும் கவலை வேறு. பார்ப்பதற்கு அந்த மரம் இருக்குமா? சென்னையின் உள்தெருக்களில் நடந்து பாருங்கள். புங்கை, வேம்பு, தூங்குமூஞ்சி என எது நின்றாலும் அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசியிருக்கிறது, அல்லது பேவர் பிளாக் பதித்திருக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவுகின்றன. அவற்றுக்குக் காற்றும் தண்ணீரும் வேண்டும். இரண்டையும் அடைத்துவிட்டு, அடிமரம் பருக்கவும் இடம் விடாமல், புயலில் விழுந்ததும் 'ஆபத்தான மரம்' என்கிறோம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காற்று கடுமைதான், ஆனால் வேரின் பிடிமானத்தை முன்பே கெடுத்து வைத்தது யார்?

டெல்லியில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று 2013-லேயே உத்தரவு வந்தது. நம் தெருவிலும் கேட்கலாம். நடைபாதை வேலைக்கு ஜல்லி வந்து இறங்கும் அன்றே மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும். கலவை இறுகிய பிறகு அதை உடைத்தால் கடப்பாரை வேரிலும் படும்.