டைல்ஸை எடுத்தா மட்டும் புல் வராது

கதீட்ரல் ரோடு செம்மொழிப் பூங்கா தெரியும்ல? 2010ல் அதைத் திறக்கறதுக்கு முன்னாடி அங்க உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்துச்சு. கார்ல உக்காந்தே டிபன் சாப்பிட்ட இடத்துல இப்போ புல்தரை. அதையே சின்ன அளவுல எங்க மயிலாப்பூர் வீட்டுல செய்யப் பார்த்தேன். முதல் தடவை சொதப்பல்.

சேறாகுதுன்னு அப்பா வீட்டு முன்னாடி முழுக்க டைல்ஸ் போட்டிருந்தார். 2019 கோடையில கிணறு வத்திருச்சு. தண்ணி லாரிக்குக் காத்துக் கிடந்தோம். 2003லிருந்தே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான். ஆனா எங்க வீட்டுக் குழிக்கு மொட்டைமாடித் தண்ணி மட்டும்தான் போகும். தரையில விழற மழை கேட் வழியா தெருவுக்கு ஓடிடும்.

அதனால டைல்ஸை உடைச்சு, ரெண்டு இன்ச் செம்மண் கொட்டி, நர்சரிப் புல்லைப் பாய் மாதிரி விரிச்சேன். ஒரே மாசத்துல மஞ்சளாயிடுச்சு. தோண்டிப் பார்த்தா கீழே முழுக்க சிமெண்ட் கட்டியும் ரப்பிஷும். வேர் எங்க இறங்கும்? போதாததுக்கு, சிமெண்ட்ல இருக்கற சுண்ணாம்பு மண்ணுல காரத்தன்மையைக் கூட்டிடும். புல்லுக்கு இரும்புச்சத்து கிடைக்காது. பேக்எண்ட் அப்படியே இருக்க, யூஐ மட்டும் மாத்தின கதை.

ரெண்டாவது தடவை செஞ்சது இது:

முதல்ல, பைப் லைன் எங்க போகுதுன்னு பார்த்துட்டு, ஒரு அடி ஆழம் தோண்டி ரப்பிஷை முழுசா எடுத்தோம்.

அடுத்து, ஒரு குழியில தண்ணி நிரப்பி விட்டோம். மறுநாளும் நின்னா அடிமண் இறுகியிருக்குன்னு அர்த்தம். இன்னும் கொத்தி விடணும். கடற்கரைப் பக்க மணல்ல சீக்கிரம் வடிஞ்சிடும். தி.நகர் பழைய ஏரி நிலம். அங்க களிமண் வந்தா நேரமாகும்.

அப்புறம் செம்மண்ணும் மக்கின எருவும் கலந்து, வீட்டுச் சுவர்ல இருந்து வெளிப்பக்கமா லேசான சரிவு கொடுத்தோம்.

கடைசியா, நாலு இன்ச் இடைவெளியில அருகம்புல் நட்டோம். அதுக்கு நல்ல வெயில் வேணும். மரநிழல்னா பஃபலோ கிராஸ் பாருங்க. ஆடியில நட்டா, ஐப்பசி அடைமழைக்குள்ள வேர் பிடிச்சிடும்.

"கார் எங்கடா நிறுத்தறது?"ன்னு அப்பா கேட்டார். சக்கரம் ஏற ரெண்டு வரிசை டைல்ஸை மட்டும் விட்டு வெச்சோம்.

எங்க ஒரு வீட்டால கிணறு நிரம்பிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா போன மழைக்கு கேட் வழியா தண்ணி ஓடல. அப்பா குடை பிடிச்சுக்கிட்டு நின்னு அதைப் பார்த்தார். இப்போ பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட அவரே பேசிட்டிருக்கார்.